என்பிடெல் பாடமும் நம் வகுப்பறையும்: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பொறியியல் கல்லூரியில் என்பிடெல் (ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் பாடங்கள்) பொறுப்பு என் தலையில் விழுந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு ஜனவரியிலும் ஜூலையிலும் ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு கூட்டம் நிற்கும், முகங்கள் மாறும், கேள்விகள் மட்டும் போன வருடத்துக் கேள்விகளாகவே இருக்கும். மாணவர்கள், பெற்றோர், பக்கத்து மேசை ஆசிரியர்கள் என்று எல்லாரும் கேட்டதை அவர்கள் வாயில் வந்தபடியே கீழே போட்டிருக்கிறேன். எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி. உங்கள் கல்லூரி விதி மாறக்கூடிய இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேடம், ஸ்வயம், என்பிடெல், மூக் எல்லாம் ஒண்ணா, வேற வேறயா?

மூக் என்பது பொதுப்பெயர்: யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் படிக்கும் இணையப் பாடம். (மூக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, முதல் வருடப் பிள்ளைகள் சிரித்து முடித்துவிடுங்கள்.) ஸ்வயம் என்பது மத்திய அரசு 2017 ஜூலையில் தொடங்கிய தளம். அதை ஒரு பஸ் ஸ்டாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நிற்கும் பஸ்களில் ஒன்றுதான் என்பிடெல், பொறியியல் பாடங்கள் பெரும்பாலும் அதில்தான் வரும். கலை, அறிவியல், மேலாண்மைப் பாடங்களுக்கு சிஇசி, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு), இக்னோ, ஐஐஎம் பெங்களூரு என்று வேறு பஸ்கள் இருக்கின்றன.

என்பிடெல் ஸ்வயத்துக்கு மூத்தது. 2003-ல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கியது. முதலில் வெறும் வீடியோக்கள்தான், தேர்வும் சான்றிதழும் 2014-ல்தான் வந்தன. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் மதிப்பெண் கணக்கெல்லாம் என்பிடெல் பாடங்களுக்கு மட்டும். மற்ற பஸ்களின் தேர்வை என்டிஏ (தேசியத் தேர்வு முகமை) நடத்துகிறது, அங்கே கணக்கு வேறு.

பிளெண்டட் லேர்னிங்னா வீட்டுல வீடியோ பாக்குறதுதானே?

இல்லை. வீட்டில் வீடியோ பார்ப்பது வீட்டில் வீடியோ பார்ப்பது, அவ்வளவுதான். பாடத்தின் ஒரு பகுதி இணையத்தில் நடந்து, அதனால் வகுப்பில் நடப்பதும் மாறினால்தான் அது பிளெண்டட். திங்கட்கிழமை வகுப்பில் ஆசிரியர் அதே வீடியோவில் வந்ததையே மறுபடி கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தால் அங்கே கலவை எதுவும் நடக்கவில்லை, ஒரே சாம்பாரை இரண்டு முறை ஊற்றியிருக்கிறார்கள்.

நான் முதல் தடவை செய்ததும் அந்தத் தப்புதான், அதைவிட மோசமாகவும் செய்தேன். பாடத்தில் எல்லாரையும் சேர்த்துவிட்டு, வாட்ஸ்அப் குழுவில் வாராவாரம் நினைவூட்டல் போட்டால் போதும் என்று நினைத்தேன். நாலாவது வாரத்திலேயே பாதி வகுப்பு கழன்றுகொண்டது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, அவர்களுக்கும் அந்தப் பாடத்துக்கும் நடுவில் நான் இல்லவே இல்லை.

காசு கட்டணுமா?

சேர, வீடியோ பார்க்க, அசைன்மென்ட் எழுத ஒரு ரூபாய்கூட வேண்டாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம், பல பருவங்களாக ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய். சில பிரிவினருக்குச் சலுகை உண்டு. பதிவு செய்யும் பக்கத்தில் அந்தப் பருவத்துத் தொகையைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

இங்கே வருடா வருடம் நாலைந்து பேர் கோட்டை விடுவார்கள். பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. "நான்தான் ஜூலையிலேயே சேர்ந்துட்டேனே" என்று அக்டோபரில் வந்து நின்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. தேர்வுப் பதிவுக்கு என்று தனிக் கடைசித் தேதி இருக்கிறது. சேரும்போதே புரொஃபைலில் நம் கல்லூரியை லோக்கல் சாப்டராக (என்பிடெல்லோடு இணைந்த கல்லூரியாக) தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் உங்கள் மதிப்பெண் என் பட்டியலில் வரவே வராது. பெயரை மார்க் ஷீட்டில் உள்ளபடி போடுங்கள், "கூல் கார்த்தி" என்று போட்டால் சான்றிதழும் கூல் கார்த்திக்குத்தான் வரும்.

மார்க் எப்படிப் போடுவாங்க?

வாராந்திர அசைன்மென்டுக்கு 25, கடைசியில் நடக்கும் தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்டின் சராசரியை எடுப்பார்கள், எட்டு வாரப் பாடத்தில் சிறந்த ஆறு, நாலு வாரத்தில் சிறந்த மூன்று. அதாவது இன்டர்னல் வாரத்திலோ காய்ச்சலிலோ ஒன்றிரண்டு விட்டுப்போனால் உலகம் அழிந்துவிடாது. தேர்வு வீட்டிலிருந்து எழுதுவது அல்ல, குறிப்பிட்ட மையத்துக்குப் போய்க் கணினியில் மூன்று மணி நேரம் எழுத வேண்டும்.

மொத்தம் 60 வந்தால் எலைட், 75 வந்தால் அதோடு வெள்ளி, 90 வந்தால் தங்கம்.

மேடம், டோட்டல் 54 வந்திருக்கு, ஆனா சர்டிஃபிகேட் இல்லைன்னு காட்டுது. சிஸ்டத்துல ஏதோ தப்பு

சிஸ்டம் சரியாகத்தான் இருக்கிறது. மேலே சொன்ன இரண்டு பகுதியிலும் தனித்தனியாகத் தேற வேண்டும்: அசைன்மென்டில் 25-க்குக் குறைந்தது 10, தேர்வில் 75-க்குக் குறைந்தது 30. உங்களுக்கு அசைன்மென்டில் 25, தேர்வில் 29. கூட்டினால் 54, ஆனால் தேர்வில் ஒரு மதிப்பெண் குறைகிறது. பக்கத்து பெஞ்சில் இருப்பவர் அசைன்மென்டில் 12, தேர்வில் 30 வாங்கி மொத்தம் 42-ல் சான்றிதழ் வாங்கிவிட்டார் என்று வயிறு எரிவது புரிகிறது, விதி அப்படித்தான்.

25-க்கு 25 வாங்கியவர் தேர்வில் 29 எடுத்தால் எனக்கு வேறொரு சந்தேகமும் வரும். அதற்குக் கீழே டெலிகிராம் கேள்வியைப் பாருங்கள்.

எத்தனை வாரக் கோர்ஸ் எடுக்கட்டும்?

நாலு வாரம் என்றால் வழக்கமாக 1 கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் பாட அலகு), எட்டு வாரம் 2, பன்னிரண்டு வாரம் 3. பன்னிரண்டு வாரப் பாடத்தில் மொத்தம் சுமார் 30 மணி நேர வீடியோ இருக்கும், வாரத்துக்கு இரண்டரை மணி. அதோடு அசைன்மென்டுக்கு ஒன்றரை, இரண்டு மணி சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை என்றால் ஒரே ஒரு பாடம், அதுவும் உங்களுக்குக் கொஞ்சம் பழக்கமான பகுதியில். ஒரே செமஸ்டரில் மூன்று எடுக்கிறேன் என்று வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

என் எலெக்டிவுக்குப் பதிலா இதை வெச்சுக்க முடியுமா?

எலெக்டிவ் என்ற விருப்பப் பாடத்துக்குப் பதிலாக இதை வைப்பது கல்லூரியைப் பொறுத்தது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் ஏற்றுக்கொண்ட பட்டியல் இருக்கும், அதில் உள்ள பாடத்துக்குத்தான் கிரெடிட் மாறும். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் நீங்கள் சேர்ந்த வருடத்துக்கு உரிய ரெகுலேஷனை (பாடத்திட்ட விதிகளை) எடுத்து வாசிக்க வேண்டும். மூன்றாம் வருட அண்ணன் சொன்னான் என்பதை நம்பாதீர்கள், அவன் படித்த ரெகுலேஷன் வேறாக இருக்கலாம்.

முக்கியமான விஷயம், முதலில் அனுமதி, அப்புறம் பாடம். எச்ஓடி (துறைத்தலைவர்) கையெழுத்து வாங்காமல் பாடத்தை முடித்துத் தங்கமே வாங்கி வந்தாலும், அது உங்கள் ரெஸ்யூமில் இருக்கும், மார்க் ஷீட்டில் இருக்காது. பெயர் ஒன்றாக இருப்பதும் போதாது. ஏற்கெனவே நீங்கள் படித்த பாடத்தோடு பெரும்பகுதி ஒத்துப்போனால் அதை எலெக்டிவாக ஏற்க மாட்டார்கள்.

40 சதவீதம் ஆன்லைன்லயே முடிக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்களே, எதுல 40?

இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நடக்கும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல, ஆசிரியர் கூட்டத்திலேயே சண்டை வந்திருக்கிறது. 2021-ல் யுஜிசியிடமிருந்து இரண்டு 40 வந்தன, இரண்டும் வேறு வேறு.

முதல் 40, ஸ்வயம் கிரெடிட் விதிமுறையில் இருப்பது. ஒரு படிப்பில் ஒரு செமஸ்டரில் நடத்தப்படும் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் பாடங்களாக அனுமதிக்கலாம். 2016-ல் வந்த பழைய விதியில் இது 20 ஆக இருந்தது. அதாவது ஐந்து பாடம் இருக்கிற செமஸ்டரில் இரண்டு பாடம் முழுசாக ஸ்வயத்தில். இரண்டாவது 40, அதே வருடம் மே மாதம் வந்த பிளெண்டட் முறை பற்றிய கருத்துக் குறிப்பில் இருப்பது. அது ஒவ்வொரு பாடத்துக்கு உள்ளேயும் 40 சதவீதம் வரை இணையத்திலும் மீதி 60 நேரிலும் நடக்கலாம் என்கிறது. முதலாவது சில பாடங்களை மொத்தமாக வெளியே அனுப்புகிறது, இரண்டாவது எல்லாப் பாடத்தையும் உள்ளேயே வைத்துக் கலக்கிறது. நான் இரண்டாவது கட்சி.

இரண்டிலும் இருக்கிற சொல் "வரை". உச்சவரம்பு அது, உங்கள் உரிமை அல்ல. கல்லூரி பூஜ்யம் என்று முடிவு செய்தால் பூஜ்யம்தான்.

ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டினா சீக்கிரம் முடிஞ்சிடுமே?

முடியும், உங்களுக்குத் தெரிந்த பகுதியில் தாராளமாக ஓட்டுங்கள். நிரூபணம் வரும் இடத்தில் நிறுத்தி, பேனா எடுத்து, அடுத்த வரியை நீங்களே எழுதிப் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எட்எக்ஸ் என்ற அமெரிக்க மூக் தளத்தில் நடந்த 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசி 2014-ல் ஒரு ஆய்வு வந்தது. ஆறு நிமிடத்துக்கு மேல் போகும் வீடியோக்களில் ஆட்கள் கவனம் சரிகிறது என்று அதில் தெரிந்தது. நம் என்பிடெல் வீடியோ ஒவ்வொன்றும் அரை மணி ஓடும், சில பேராசிரியர்கள் குரல் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கேட்கக் கூடாத குரல். அதனால் ஒரே மூச்சில் பார்க்காமல் மூன்று துண்டாக வெட்டிப் பாருங்கள்.

ஹாஸ்டல் வைஃபையை நம்பாதீர்கள். கல்லூரி லேபில் வாரத்து வீடியோக்களை இறக்கி வைத்துக்கொண்டால் பஸ்ஸிலும் பார்க்கலாம்.

டெலிகிராம்ல எல்லா அசைன்மென்ட் ஆன்சரும் வந்துடுதே, அப்புறம் எதுக்கு நாங்க மண்டையை உடைச்சுக்கணும்?

தெரியும், எனக்கும் அந்தக் குழுக்கள் தெரியும். ஒரு வாரம் அதில் நாலாவது கேள்விக்குத் தப்பான விடை வந்தது, என் வகுப்பில் கிட்டத்தட்ட எல்லாரும் அதே தப்பைப் போட்டிருந்தார்கள், அதைப் பார்த்தபோது கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது.

அசைன்மென்ட் வெறும் 25. மேலே 54 கேள்வியில் சொன்ன கணக்கைப் பாருங்கள், தேர்வில் 30 எடுக்காமல் அந்த 25-ஐ வைத்துக்கொண்டு ஒரு பயனும் இல்லை. தேர்வு மையத்தில் டெலிகிராம் இல்லை. நான் இப்போது ஒரு வேலை செய்கிறேன்: அசைன்மென்ட் முடிந்த மறுநாள் வகுப்பில் அதே கணக்கை எண்களை மட்டும் மாற்றிக் கொடுத்து, யாராவது ஒருவரை போர்டுக்குக் கூப்பிடுவேன். மார்க் எதுவும் கிடையாது, ஆனாலும் அதற்கு அப்புறம் தாங்களாகவே போட்டுப் பார்ப்பவர்கள் கூடினார்கள்.

நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம் மேடம். அவங்க இங்கிலீஷ் புரியல

முதல் இரண்டு வாரம் யாருக்கும் புரியாது, வங்காள உச்சரிப்பிலும் தெலுங்கு உச்சரிப்பிலும் வரும் ஆங்கிலம் காதுக்குப் பழக வேண்டும். வீடியோவுக்குக் கீழே எழுத்து வடிவம் கிடைக்கும், அதை முன்கூட்டியே ஒரு தடவை படித்துவிட்டு வீடியோவைத் திறங்கள். பல பாடங்களுக்கு அந்த எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பு சில இடங்களில் பல்லை உடைக்கும், ஆனாலும் கருத்தைப் பிடிக்க உதவும். ஆங்கிலத்தில் நடக்கும் பாடத்துக்குத் தேர்வுத் தாளும் ஆங்கிலம்தான், அதனால் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதிய பிள்ளைகள் உங்களுக்கு முன்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள். வகுப்பில் சந்தேகத்தைத் தமிழிலேயே கேளுங்கள், வீடியோவிடம் அது முடியாது, என்னிடம் முடியும்.

பையன் ராத்திரி பூரா போனும் கையுமா இருக்கான், கேட்டா காலேஜ் பாடம்ங்கிறான். நெஜமாங்க?

அம்மா, வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் நிஜம். மீதி நிஜமில்லை.

லேப் பாடத்தையும் இப்படி ஆன்லைன்ல தள்ளிவிட்டுடலாமா?

கூடாது. ஆஸிலாஸ்கோப்பில் அலை வராதபோது எந்த வயர் கழன்றது என்று தேடுவதுதான் லேப். லேபுக்கு வருவதற்கு முன் பார்க்க வீடியோ கொடுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீடியோவே பாடம் நடத்துதுன்னா இனி நாங்க எதுக்கு? (இதை மாணவர்கள் கேட்பதில்லை, ஆசிரியர்கள் கேட்கிறார்கள்)

பயம் நியாயமானது, நிர்வாகத்தில் சிலர் அப்படிக் கணக்குப் போடவும் செய்வார்கள். அவர்களிடம் சான் ஹோசே கதையைச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவில் உள்ள சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2012-ல், எம்ஐடியின் சர்க்யூட்ஸ் பாடத்தை எட்எக்ஸிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் வீட்டில் எம்ஐடி வீடியோ பார்த்தார்கள், வகுப்புக்கு வந்து தங்கள் சொந்தப் பேராசிரியரோடு சிறு குழுக்களாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அந்தப் பிரிவில் 91 சதவீதம் பேர் தேறினார்கள், வழக்கமான பிரிவுகளில் 60-ஐக்கூடத் தொடவில்லை.

அடுத்த வருடம் அதே பல்கலைக்கழகம் உடாசிட்டி என்ற இணையப் பாட நிறுவனத்தோடு சேர்ந்து சில பாடங்களை வகுப்பே இல்லாமல் முழுக்க இணையத்தில் நடத்தியது. தேர்ச்சி விகிதம் மோசமாகி, 2013 ஜூலையில் அதை நிறுத்திவைத்தார்கள். இரண்டு பரிசோதனையிலும் பாடங்களும் வேறு, பிள்ளைகளும் வேறு, அதனால் நேராக ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் முதலாவதில் வகுப்பறையும் ஒரு ஆசிரியரும் இருந்தார்கள் என்பதை நான் லேசில் விட மாட்டேன். அதே 2013-ல் அங்கிருந்த தத்துவத் துறை, ஹார்வர்டு பேராசிரியர் ஒருவரின் வீடியோப் பாடத்தை எங்கள் வகுப்பில் போட மாட்டோம் என்று அவருக்கே பகிரங்கக் கடிதம் எழுதியது. எல்லாக் கல்லூரியிலும் ஒரே ஆளின் குரல் கேட்டால் சிந்தனை என்னவாகும் என்று அவர்கள் கேட்டார்கள். தத்துவப் பாடத்துக்கு அது பெரிய கேள்வி. மின்சுற்றுப் பாடத்தில் வரும் கிர்ச்சாஃப் விதிக்கு அவ்வளவு இல்லை.

சரி மேடம், அப்ப வகுப்புல என்னதான் பண்றது?

நான் செய்வதைச் சொல்கிறேன், உங்களுக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வாரத்துக்கு மூன்று பீரியட். அதில் ஒன்றை வீடியோ பார்க்கவே லேபில் விட்டுவிடுகிறேன், ஏனென்றால் டே ஸ்காலர் பிள்ளைகளில் சிலருக்கு வீட்டில் தனியாக உட்கார இடமே கிடையாது. இரண்டாவது பீரியடின் முதல் பத்து நிமிடம் ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம், வீடியோவில் எந்த இடத்தில் விட்டுப்போனது என்று எழுதித் தர வேண்டும், பெயர் போட வேண்டாம். "எல்லாம் புரிஞ்சுது" என்று வரும் சீட்டுகளை அப்படியே ஓரமாக வைத்துவிடுவேன். மீதியை அடுக்கினால் பெரும்பாலும் இரண்டு, மூன்று இடத்தில் குவியும். கன்வல்யூஷன் (ஒரு சிக்னலைத் திருப்பி இன்னொன்றின்மேல் நகர்த்திப் பெருக்கிக் கூட்டும் கணக்கு) வாரத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் சிக்னலைத் திருப்பிப்போடும் அந்த ஒரே படியில் மாட்டியிருந்தார்கள், வீடியோவில் பேராசிரியர் அதை இருபது வினாடியில் தாண்டிப் போயிருந்தார். டிரான்ஸ்பரன்ஸி ஷீட்டை வெட்டி மேசைமேல் நகர்த்திக் காட்டியே அந்த வாரம் ஓடியது.

மூன்றாவது பீரியட் முழுக்கக் கணக்கு, மூன்று மூன்று பேராக. நான் நடுவில் சுற்றிவருவேன், கேட்டால் விடை சொல்ல மாட்டேன், எங்கே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன். வேலைப்பளு குறையுமா என்று கேட்டீர்கள் என்றால், முதல் வருடம் கூடத்தான் செய்யும், வீடியோவை நீங்களும் முழுக்கப் பார்த்தாக வேண்டும். பேசாமல் நீங்களும் அந்தப் பாடத்தில் சேர்ந்து தேர்வு எழுதிவிடுங்கள். பிள்ளைகளோடு நானும் தேர்வு மையத்து வரிசையில் நின்ற வருடம், வகுப்பில் எனக்குக் கிடைத்த மரியாதையே வேறு.

ரெஸ்யூம்ல 'ஐஐடியில் படித்தேன்'னு போட்டுக்கலாமா?

போடாதீர்கள், இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதுவாகத்தான் வரும். சான்றிதழ்கள் பகுதியில் பாடத்தின் பெயர், என்பிடெல், எந்த ஐஐடி நடத்தியது, எலைட்டா வெள்ளியா, அவ்வளவு போதும். ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு வேறு கதை, அது இணையத்தில் படித்தாலும் முழுப் பட்டம், தகுதிச் சுற்று எல்லாம் உண்டு. 2022-லிருந்து யுஜிசி ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கவும் அனுமதிக்கிறது. ஆனால் அதையும் என்பிடெல்லையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என்பிடெல்ல ஃபெயிலானா அரியரா? ரிசல்ட் லேட்டா வந்தா என் கிரெடிட் என்னாகும்?

என்பிடெல் தரப்பில் அரியர் என்று ஒன்று இல்லை, சான்றிதழ் வராது, அவ்வளவுதான். எங்கள் கல்லூரியிலும் மார்க் ஷீட்டில் அது ஏறாது. ஆனால் அந்த 3 கிரெடிட் உங்கள் கணக்கில் காலியாகவே நிற்கும், அதை இன்னொரு எலெக்டிவ் எடுத்து நிரப்ப வேண்டும். அதே என்பிடெல் பாடத்தையே மறுபடி எழுதலாம் என்றால் அது திரும்ப ஓடும் பருவம் வரை காத்திருக்க வேண்டும், எல்லாப் பாடமும் எல்லாப் பருவத்திலும் ஓடுவதில்லை.

அவர்கள் ரிசல்ட் தேதியும் நம் செமஸ்டர் ரிசல்ட் தேதியும் சேர்ந்து வராது. அதனால் பெரும்பாலும் அடுத்த செமஸ்டர் மார்க் ஷீட்டில்தான் கிரெடிட் ஏறும். டிஜிலாக்கர் வழியாக ஏபிசி ஐடி உருவாக்கி வைத்திருக்கிறீர்களா என்று இப்போதே பாருங்கள். கிரெடிட் வங்கி என்று 2021-ல் தொடங்கியது அதுதான், அதில் உங்கள் பெயர் ஒரு மாதிரியும் கல்லூரிப் பதிவில் ஒரு மாதிரியும் இருந்தால் அலைச்சல் உங்களுக்கு.

எட்டாவது செமஸ்டரில் வந்து "இந்த ஒரு கிரெடிட்தான் மேடம் குறையுது" என்று நிற்பவர்களுக்கும் இதே பதில்தான். ஜனவரியில் தொடங்கும் பாடத்துக்கு ஏப்ரல் கடைசியை ஒட்டித் தேர்வு, அதற்கு அப்புறம் ரிசல்ட், அதற்கு அப்புறம் எங்கள் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம். வேலையில் சேரச் சொல்லும் கம்பெனி ஜூனில் புரொவிஷனல் சான்றிதழ் (தற்காலிகப் பட்டச் சான்று) கேட்கும். ஏழாவது செமஸ்டரோடு இந்தக் கணக்கை முடித்துவிடுங்கள்.